வீடியோ எடிட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்சித் தொடர்பியல் படித்துவிட்டுச் சென்னையில் முதல் வேலை தேடுபவர்களும், ஊரில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக்கொண்டே நிறுவன வேலைக்கு மாற நினைப்பவர்களும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை என்பதால், சில இடங்களில் சற்றுக் கறாராகவே இருக்கும்.

'எடிட்டர் தேவை' என்று வரும் விளம்பரங்கள் எல்லாம் ஒரே வேலையைத்தான் குறிக்கின்றனவா?

பெயர் ஒன்றுதான், வேலை இடத்துக்கு இடம் வேறுபடும். செய்தித் தொலைக்காட்சியில் எடிட்டர் ஷிப்ட் முறையில் வந்து, செய்தியாளர் அனுப்பிய காட்சிகளையும் பதிவான குரலையும் வைத்து, அடுத்த செய்தி நேரத்துக்குள் ஒன்றரை நிமிடத் தொகுப்பை முடித்துத் தர வேண்டும். அங்கே அழகைவிட வேகமும், ஒருவரின் பெயர் வரும் இடத்தில் இன்னொருவரின் முகத்தை வைத்துவிடாத எச்சரிக்கையும் முக்கியம். நெடுந்தொடரில், அரை மணி நேர ஒதுக்கீட்டில் விளம்பரம் போக எஞ்சும் இருபது நிமிடத்துச் சொச்சத்தை ஒவ்வொரு நாளும் நிரப்பியாக வேண்டும் என்பதால், பல கேமராக்களில் எடுத்ததை விரைந்து பிரித்து அடுக்கும் பழக்கம் தேவைப்படும். விளம்பரப் பட நிறுவனத்தில் 30 நொடிப் படத்தைக் கதை சிதையாமல் 20 நொடிக்கும், பிறகு 10 நொடிக்கும் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும். யூடியூப் சேனலிலோ ஒரு மணி நேரப் பேட்டியிலிருந்து முழு நிகழ்ச்சி, முன்னோட்டம், நான்கைந்து ஷார்ட்ஸ் என எல்லாவற்றையும் அதே வாரத்தில் எடுத்துத் தருவீர்களா என்று கேட்பார்கள்.

ஆகவே முதலில் எந்த வகை வேலை என்று தீர்மானித்துவிட்டு, அதற்கேற்பத் தயாராவது நல்லது. ஒரே ஷோரீலை (தன் சிறந்த வேலைகளின் சிறு தொகுப்பை) எல்லா இடத்துக்கும் அனுப்புபவரின் விண்ணப்பம் பெரும்பாலும் எங்குமே பொருந்துவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: தலைப்பில் 'எடிட்டர்' என்று போட்டுவிட்டுக் கீழே படப்பிடிப்பு, தம்ப்நெயில், சமூக ஊடகப் பராமரிப்பு ஆகிய அனைத்தையும் அடுக்கியிருந்தால், அது மூன்று பேர் வேலை. முதல் வேலையாக அதை ஏற்பதில் தவறில்லை, அங்கே கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். ஆனால் அது எத்தகைய வேலை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பட்டம் இல்லாமல் இந்த வேலை கிடைக்குமா?

கிடைக்கும். தனியார் நிறுவனங்களில் மனிதவளத் துறை ஏதேனும் ஒரு பட்டத்தைக் கேட்கலாம். எடிட் சூட்டில், அதாவது தொகுப்பு அறையில், யாரும் அதைக் கேட்பதில்லை. தந்தையும் படத்தொகுப்பாளருமான அக்கினேனி சஞ்சீவியிடம் தொழில் பழகி, பின்னர் பலமுறை தேசிய விருது பெற்றவர் ஸ்ரீகர் பிரசாத். இந்தத் தொழில் நெடுங்காலமாக ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில்.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்குச் சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே படத்தொகுப்பைத் தனிப் பாடப்பிரிவாக எடுத்துப் பட்டம் பெறலாம். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி, புனேயில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனத்திலோ, கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் பெயரிலான நிறுவனத்திலோ சேரலாம். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே யோசனை: பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்தவர்கள் தொகுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள், பயிற்சிக்கு உண்மையான ரஷ் (படப்பிடிப்பில் எடுத்த, வெட்டப்படாத மூலக் காட்சிகள்) தருகிறார்களா, இணையத்திலிருந்து இறக்கிய துண்டுக் காட்சிகளையே தருகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?

நீங்கள் போக நினைக்கும் இடத்தில் எது ஓடுகிறதோ அதை. சென்னையின் விளம்பர, டிஜிட்டல் நிறுவனங்கள் பலவற்றில் அடோபி பிரீமியர் ப்ரோவும், அதனுடன் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் புழங்குகின்றன. திரைப்படத்திலும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களிலும் அவிட் இன்னும் இருக்கிறது. திருமண வீடியோத் துறையிலும் சில தொலைக்காட்சிகளிலும் எடியஸ் வேரூன்றியது. அதில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள் அதைச் சொல்லத் தயங்குவதைப் பார்க்கிறேன், தயங்கத் தேவையில்லை. ஃபைனல் கட் ப்ரோ மேக், ஐபேட் போன்ற ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும்.

கையில் பணமில்லாமல் தொடங்குபவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் தான் என் பரிந்துரை. அதன் இலவசப் பதிப்பிலேயே 3840×2160 அளவு வரை வெளியீடு எடுக்கலாம். தொகுப்பு, நிறத் திருத்தம், ஒலி மூன்றும் ஒரே மென்பொருளில் இருக்கின்றன. அதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனமே பயிற்சிப் புத்தகங்களையும் அவற்றுக்கான காட்சிக் கோப்புகளையும் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. திருட்டு மென்பொருளில் கற்றுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தெரியாத இடத்திலிருந்து இறக்கிய 'கிராக்' கோப்புடன் சேர்ந்து வரும் வைரஸ் வாடிக்கையாளரின் வன்தட்டை அழித்துவிட்டால், அந்தப் பெயரோடு மீண்டும் வேலை தேடுவது கடினம்.

ஒரு மென்பொருளில் டிரிம் செய்வதை (வெட்டுப் புள்ளியை நகர்த்திச் சீராக்குவதை) மௌஸைத் தொடாமல் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டால், இன்னொன்றுக்கு மாற இரண்டு மூன்று வாரங்கள் போதும். ஐந்து மென்பொருள்களின் பெயரைச் சுயவிவரத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நட்சத்திரக் குறி போடுவதால் பயனில்லை.

என் கணினி பழையது. 4கே காட்சிகளைத் திறந்தாலே நின்றுவிடுகிறது. புதிது வாங்காமல் பயிற்சி செய்ய முடியாதா?

முடியும். கைபேசியும் சிறு கேமராக்களும் எச்.264, எச்.265 முறைகளில் பதிவு செய்கின்றன. இடம் மிச்சமாவதற்காக இம்முறைகள் பெரும்பாலான ஃபிரேம்களை முழுப் படமாகச் சேமிக்காமல், அக்கம்பக்கத்து ஃபிரேம்களுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சேமிக்கும். காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஓரிடத்தில் நிறுத்தினால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்டவே கணினி பல ஃபிரேம்களைக் கணக்கிட வேண்டியிருப்பதால்தான் திணறுகிறது. இதற்குத் தீர்வு ப்ராக்ஸி. அசல் கோப்புகளிலிருந்து 1280×720 அளவில், கணினிக்குத் தொகுக்க எளிதான புரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். முறையில் சிறிய பிரதிகள் எடுத்து அவற்றில் தொகுத்துவிட்டு, வெளியீட்டின்போது அசலுக்கு மாறிக்கொள்ளலாம். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. இதில் ஓர் உபரிப் பலனும் உண்டு: ப்ராக்ஸி போட்டுப் பழகியவரிடம் நேர்காணலில் கோப்பு வகைகளைப் பற்றிக் கேட்டால் தடுமாற மாட்டார்.

பணம் செலவழிக்க முடிந்தால், முதலில் 16 ஜி.பி. ராமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும்; அடுத்து நல்ல ஹெட்போன். கிராஃபிக்ஸ் அட்டை அதற்கும் பிறகு.

ஷோரீல் எப்படி இருக்க வேண்டும்?

ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் போனால், பார்ப்பவர் உங்களுக்காக அதைச் சுருக்கிவிடுவார், அதாவது மூடிவிடுவார். முதல் பத்து நொடிகளில் உங்கள் சிறந்த காட்சி இருக்க வேண்டும். பெயர் சுழன்று வந்து நிற்கும் அறிமுக அனிமேஷனுக்கு அங்கே இடமில்லை. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் இறுதியில் சாதாரண எழுத்தில் சில நொடிகள் நின்றால் போதும்.

ஆனால் ஷோரீலைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. துள்ளிசைக்கு ஏற்பத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய ஒரு நிமிடத்தைப் பார்த்தால் ஒளிப்பதிவாளர் யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ட்ரோன் காட்சி அழகாக இருப்பதில் எடிட்டரின் பங்கு என்ன? தாளத்துக்கு வெட்டத் தெரியும் என்பதைத் தவிர அதில் ஒன்றும் தெரிவதில்லை. எனவே ரீலுடன் சேர்த்து முழுமையான இரண்டு படைப்புகளையாவது அனுப்புங்கள்: ஓர் உரையாடல் காட்சி, இரண்டு மூன்று நிமிடப் பேட்டித் தொகுப்பு, அல்லது ஒரு விளம்பரம். அனுபவமுள்ளவர் ரீலை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, முழுப் படைப்பில்தான் நிதானமாக உட்காருவார். பேசுபவரின் முகத்திலிருந்து கேட்பவரின் முகத்துக்கு எப்போது மாறினீர்கள், மௌனத்தை எவ்வளவு நேரம் விட்டீர்கள், எதை வெட்டி எறிந்தீர்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ஒவ்வொரு படைப்பின் கீழும் நீங்கள் செய்தது எது என்று ஒரே வரியில் எழுதுங்கள்: 'தொகுப்பும் ஒலி ஒழுங்கும் நான்; நிறத் திருத்தமும் கிராஃபிக்ஸும் வேறொருவர்.' மற்றவர் வேலையைத் தன்னுடையதாகக் காட்டுபவர்கள் எதிர்பார்ப்பதைவிட விரைவாகப் பிடிபடுகிறார்கள். சாலிகிராமத்துக்கும் வடபழனிக்கும் இடையே உள்ள திரைத் தொழில் உலகம் மிகச் சிறியது.

காட்டுவதற்கு என்னிடம் வேலையே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

நீங்களே ஒன்றை உருவாக்குங்கள். திரைப்பட முன்னோட்டங்களை மறுபடி வெட்டி அனுப்புபவர்கள் ஏராளம். ஏற்கெனவே ஒருவர் தேர்ந்தெடுத்து, நிறம் திருத்தி, இசை சேர்த்து முடித்த காட்சிகளை மீண்டும் அடுக்குவதில் தேர்வு என்ற வேலையே இருப்பதில்லை. வேலைக்கு எடுப்பவர் பார்க்க விரும்புவது, ஒழுங்கில்லாமல் குவிந்த கச்சாப் பொருளிலிருந்து நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்பதைத்தான்.

காஞ்சிபுரத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு நெசவாளரிடம் அனுமதி பெற்று, கைபேசியில் இருபத்தைந்து நிமிடம் பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தனியாக அரை மணி நேரம் தறி, நாடா, கை, கால், வாசல், தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள். தறியின் ஓசையை மட்டும் தனியாகப் பதிவு செய்தும் வைத்திருக்கிறீர்கள். இலக்கு மூன்று நிமிடம். முதலில் பேட்டி முழுவதையும் கேட்டு, சொற்களை எழுதி, தாளில் வெட்டுங்கள். அவர் தொழிலின் வரலாற்றைச் சொல்லும் பகுதி தகவலாக நன்றாக இருக்கும், ஆனால் மூன்று நிமிடப் படத்தில் அது சுமை. 'அப்பா காலத்துல வீட்ல நாலு தறி ஓடுச்சு' என்று சொல்லிவிட்டு அவர் ஒரு கணம் பேச்சை நிறுத்துகிறார் என்றால், படம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த மௌனத்தை வெட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தை ஒட்டினால் அது செய்தியாகிவிடும். மௌனத்தை அப்படியே விட்டு, முகம் இன்னும் திரையில் இருக்கும்போதே, படம் மாறுவதற்குப் பன்னிரண்டு ஃபிரேம்களுக்கு முன்பாக, அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் ஏறத்தாழ அரை நொடி முன்பாக, தறியின் ஓசையை நுழைத்துப் பாருங்கள். காதுதான் முதலில் அடுத்த காட்சிக்குப் போகிறது. கண் பின்னால் போகிறது. ஜே-கட் என்று பாடத்தில் படித்தது இதுதான். அது எட்டு ஃபிரேமாக இருந்தால் எப்படி, இருபதாக இருந்தால் எப்படி என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள். நேர்காணலில் 'ஏன் இந்த இடத்தில் வெட்டினாய்?' என்ற கேள்விக்குச் சொல்ல உங்களிடம் அப்போது உண்மையான பதில் இருக்கும்.

இப்படி இரண்டு மூன்று சிறு படங்களும், நண்பரின் குறும்படத்திலிருந்து ஓர் உரையாடல் காட்சியும் இருந்தால் முதல் வேலைக்கு அது போதுமான கையிருப்பு.

ரீலில் திரைப்படப் பாடல்களைப் பயன்படுத்தலாமா?

தவிர்ப்பது நல்லது. யூடியூபில் ஏற்றியவுடன் உரிமை கோரல் வரலாம், சில நேரங்களில் காணொளியே முடக்கப்படலாம். நிறுவனத்தில் உங்கள் இணைப்பைத் திறக்கும் நேரத்தில் அது நடந்திருக்கும். யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவச இசை கிடைக்கிறது. பிடித்த பாடல் தரும் உணர்ச்சியில் மிதக்காமல் உங்கள் வெட்டு தானாக நிற்கிறதா என்று பார்க்கவும் அது உதவும்.

முந்தைய நிறுவனத்தில் செய்த வேலையைக் காட்டலாமா?

வெளியானதை, நிறுவனத்தின் பொது இணைப்பு வழியாகக் காட்டுவது பாதுகாப்பானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணியாளராக இருந்து செய்த வேலைக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். ஊதியம் கொடுத்து ஒருவர் எடுக்கச் செய்த படத்துக்கும் அவரே முதல் உரிமையாளர். வெளியாகாத எதையும் கடவுச்சொல் போட்ட இணைப்பில்கூட அனுப்பாதீர்கள். இன்னொரு நிறுவனத்தின் வெளியாகாத படத்தை எனக்குக் காட்டுபவர், நாளை என்னுடையதையும் வேறொருவருக்குக் காட்டுவார் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

சுயவிவரமும் மின்னஞ்சலும் எப்படி இருக்க வேண்டும்?

சுயவிவரம் ஒரு பக்கம். மேலே பெயரும் தொடர்பும் இணைப்பும்; அதன் கீழ் செய்த வேலைகள், அண்மையது முதலில்; பிறகு மென்பொருள், படிப்பு. தந்தையின் பெயர், மதம், உறுதிமொழி, கையொப்பம் எதுவும் தேவையில்லை.

மின்னஞ்சலின் தலைப்பில் எந்த வேலைக்கு, யார் என்பது தெரிய வேண்டும். உடலில் ஐந்தாறு வரிகள் போதும்: அந்த நிறுவனத்தின் எந்த வேலையைப் பார்த்தீர்கள், உங்களுடையதில் அதற்கு நெருக்கமானது எது, எப்போது சேர முடியும். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, ஆள் எடுப்பவர் பெண்ணாக இருப்பதும் நடப்பதுதான். பெயர் தெரிந்தால் பெயரையும், தெரியாவிட்டால் 'வணக்கம்' என்றும் எழுதுங்கள்.

மிகச் சாதாரணமான ஒன்றில்தான் நிறையப் பேர் வாய்ப்பை இழக்கிறார்கள். கூகுள் டிரைவ் இணைப்பை அனுப்புகிறார்கள். திறந்தால் 'அனுமதி கோருங்கள்' என்று திரை நிற்கிறது. ஐம்பது விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அனுமதி கோரிக் காத்திருக்க மாட்டார். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டு, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய உலாவியிலும், இன்னொருவரின் கைபேசியிலும் திறந்து பாருங்கள். அதைவிட எளிது, யூடியூபில் பட்டியலிடப்படாத காணொளியாக ஏற்றிவிடுவது. கோப்பின் பெயரில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'லாஸ்ட் ஃபைனல்' என்று இருக்க வேண்டாம். அடுத்தவரின் மூன்று டெராபைட் ரஷ்ஷை நம்பி ஒப்படைக்கலாமா என்ற சந்தேகம் அந்தப் பெயரிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

எடிட்டிங் டெஸ்ட் என்று காட்சிகளைத் தருகிறார்கள். அதில் என்ன பார்க்கிறார்கள்?

பொதுவாக நாற்பது நிமிட ரஷ்ஷும், ஒன்று அல்லது இரண்டு மணி நேர அவகாசமும் தந்து, ஒரு நிமிடத்தில் முடிக்கச் சொல்வார்கள். முதல் கிளிப்பைத் திறந்ததும் வெட்டத் தொடங்குபவரும், முழுவதையும் பார்த்துவிட்டுத் தொடங்குபவரும் அங்கேயே பிரிந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடத்தைப் பார்ப்பதற்குச் செலவிடுவது வீண் என்று தோன்றலாம். ஆனால் கடைசிக் கிளிப்பின் கடைசி நொடியில் ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்த மறந்தபோது பதிவான ஒரு சிரிப்புதான் படத்தின் முடிவாக அமையக்கூடும். சில நிறுவனங்கள் அப்படி ஒன்றை வேண்டுமென்றே உள்ளே வைத்திருப்பதும் உண்டு.

முடித்த கோப்பைவிட, காட்சிகளைப் பிரித்து வைக்கும் 'பின்'களையும் டைம்லைனையும் உற்றுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சு ஒரு ட்ராக்கில், சூழல் ஒலி இன்னொன்றில், இசை வேறொன்றில் இருக்கிறதா? நீங்கள் திடீரென்று விடுப்பில் போனால் அடுத்தவர் உட்கார்ந்து தொடர முடியுமா? கேட்கப்பட்ட அளவு 1080×1920 என்றால் நெடுக்குப் படமாகத்தான் கொடுத்தீர்களா, அல்லது அகலப் படத்தின் மேலும் கீழும் மங்கலான பட்டை போட்டு ஒப்பேற்றினீர்களா? ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடமா? வெளியீட்டை அனுப்புவதற்கு முன் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தீர்களா? நடுவே ஒற்றைக் கறுப்பு ஃபிரேம் மின்னிப் போனால், பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

டெஸ்ட் என்ற பெயரில் முழு நீள வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் இடங்களும் இல்லாமலில்லை. வெளியாகப்போகும் வாடிக்கையாளர் காணொளியை முழுமையாகத் தொகுக்கச் சொன்னால், பத்து நிமிடப் படம் கேட்டால், இரண்டாவது, மூன்றாவது டெஸ்ட் என்று நீண்டால், ஊதியம் உண்டா என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். அல்லது திரையில் உங்கள் பெயரைப் பொறித்த குறைந்த தரப் பிரதியை மட்டும் அனுப்புங்கள். நேர்மையான இடம் இதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

நேர்காணலில் தொழில்நுட்பக் கேள்விகள் எந்த அளவுக்கு இருக்கும்?

அடிப்படைகள்தான், ஆனால் அவை கையால் தொட்டு அறிந்தவையாக இருக்க வேண்டும். திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம், நம் தொலைக்காட்சி 25 ஃபிரேம். இரண்டும் கலந்து வந்தால் டைம்லைனை எப்படி அமைப்பீர்கள்? கைபேசியில் எடுத்த நீண்ட பேட்டியில் போகப் போக உதடும் குரலும் விலகுகின்றன, காரணம் என்ன? பல கைபேசிகள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பதில்லை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுக்கத் தொடங்குவதே வழி. ஒலியின் அளவைப் பற்றிக் கேட்கலாம்: ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை −23 எல்.யு.எஃப்.எஸ். (ஒலி உரப்பை அளக்கும் அலகு); யூடியூப் தோராயமாக −14-க்கு மேல் இருப்பதைத் தானே குறைத்து ஒலிக்கும். எண்களை மனப்பாடம் செய்வதைவிட, மீட்டரைப் பார்த்து ஒரு பேட்டியை ஒழுங்கு செய்து பழகியிருப்பது மேல்.

கேள்விகளில் முக்கியமானது பெரும்பாலும் தொழில்நுட்பம் அல்லாத ஒன்றாக இருக்கும்: 'இயக்குநர் சொன்ன மாற்றம் படத்தைக் கெடுக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் என்ன செய்வீர்கள்?' அவர் சொன்னதை முதலில் செய்து காட்டிவிட்டு, உங்களுடையதைத் தனி வடிவமாக வைத்து, ஒருமுறை மட்டும் பேசிப் பார்ப்பேன் என்பது நான் மதிக்கும் பதில்.

தமிழ் எழுத்துகள் திரையில் உடைந்து வருகின்றன. இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம். தமிழ் வேலைகளில் இது அன்றாடச் சிக்கல். இதைத் தீர்க்கத் தெரிந்தவரை அலுவலகம் முழுவதும் தேடி வரும். 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிப் பிரிந்து நிற்பதற்குக் காரணம், மென்பொருளின் எழுத்து இயந்திரம் நம் எழுத்துக்கு ஏற்றதாக அமைக்கப்படாததுதான். பிரீமியரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் விருப்ப அமைப்புகளுக்குள் சென்று, தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் யூனிகோட் எழுத்துருக்கள் சரியாக அமையும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் வேறு கதை; அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்பு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும்.

வசன வரிகளை எஸ்.ஆர்.டி. கோப்பாக எடுக்கவும், அதை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கவும் பழகுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எழுத்துப் பிழைகளைத் திருத்தத் தெரிந்த எடிட்டர் அரிது. 'பொருப்பு' என்று திரையில் வந்தால் கீழே கருத்துப் பகுதியில் காணொளியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

திரைப்படத்தில் உதவி எடிட்டராகச் சேர எப்படி விண்ணப்பிப்பது?

அங்கே விளம்பரமோ மனிதவளத் துறையோ இல்லை. எடிட்டரின் அசோசியேட்டையோ உதவியாளரையோ அறிந்த ஒருவர் வழியாகவோ, நேரில் போய்ப் பலமுறை கேட்டோதான் நுழைகிறார்கள். ஆகவே எடிட்டரின் ரசனையைப் புகழ்ந்து நீண்ட கடிதம் எழுதுவதைவிட, உதவியாளரின் சுமையைக் குறைக்கும் வேலைகள் உங்களுக்குத் தெரியும் என்று சொல்வது பயன் தரும். ரஷ்ஷை இரண்டு பிரதிகளாக எடுத்துச் சரிபார்ப்பது, தனியாகப் பதிவான ஒலியைக் கிளாப்போடு பொருத்துவது, காட்சி எண் வாரியாக அடுக்கி லைன்-அப் தயாரிப்பது, வெட்டு முடிவானதும் நிறத் திருத்தம் நடக்கும் டி.ஐ.க்கு வெட்டுகளின் பட்டியலான இ.டி.எல். அல்லது எக்ஸ்.எம்.எல். கோப்பும், ஒலிப் பணிக்கு ஏ.ஏ.எஃப். கோப்பும், டைம்கோட் (நேரக் குறி எண்) பொறித்த பார்வைப் பிரதியும் எடுத்து அனுப்புவது ஆகியவைதான் முதல் ஓரிரு ஆண்டுகளின் வேலை. படப்பிடிப்புத் தளத்திலேயே உட்கார்ந்து உடனுக்குடன் அடுக்கும் ஸ்பாட் எடிட்டர் பணியும் நல்ல வாசல். இயக்குநர் உங்களை நேரடியாகப் பார்க்கும் இடம் அது.

தமிழ்த் திரையுலகின் தொழிற்சங்கங்கள் பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் கீழ் இயங்குகின்றன. எடிட்டர்களுக்கும் அதில் தனிச் சங்கம் உண்டு. முதல் நாளே உறுப்பினர் அட்டை தேவைப்படாது. ஆனால் தொடர்ந்து இருப்பதென்றால், சேரும் விதிகளை நீங்கள் உதவியாளராக இருக்கும் எடிட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் ஒழுங்காக வராத மாதங்களுக்கான ஏற்பாட்டையும் செய்துகொண்டு போங்கள். அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா?

பேச்சை எழுத்தாக்கி, அந்த எழுத்தை வெட்டினால் காட்சியும் வெட்டுப்படும் வசதி பிரீமியரிலும் ரிசால்விலும் 2023-இலேயே வந்துவிட்டது. மௌனங்களை நீக்குவது, இரைச்சலைக் குறைப்பது, அகலப் படத்தை நெடுக்காக மாற்றுவது ஆகியவை இப்போது பொத்தான் வேலைகள். இவற்றை மட்டுமே செய்து சம்பளம் வாங்கிய இடங்கள் குறையும். மேலே சொன்ன நெசவாளரின் மௌனத்தையும் அந்தப் பொத்தான் முதல் சுற்றிலேயே நீக்கிவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், அவை செய்து தந்ததை, குறிப்பாகத் தமிழ்ப் பெயர்களையும் வட்டார வழக்கையும், வரி வரியாகச் சரிபார்க்கும் நேரத்தை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. ஒப்புக்கொள்ளும் முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

மாதச் சம்பளமா, படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கா. ஷிப்ட் எத்தனை மணி நேரம். இரவு வேலைக்குப் போக்குவரத்து உண்டா. கணினி அவர்களுடையதா உங்களுடையதா. வெளி வேலை செய்ய அனுமதி உண்டா. வெளியான வேலையை உங்கள் ரீலில் காட்டலாமா. இவற்றை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியாக வேலை எடுத்துச் செய்பவர் என்றால் கூடுதலாகச் சில. முன்பணம் பாதி, திருத்தம் இரண்டு சுற்று, மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம், மூலக் கோப்பை எத்தனை நாள் பாதுகாப்பீர்கள், ப்ராஜெக்ட் கோப்பையும் கேட்டால் அதற்கு என்ன விலை. நிறுவனங்கள் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள் என்பதால் பான் அட்டை அவசியம்; பிடித்தது உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துவிட்டு ஆண்டிறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும், அந்த நிலை வரும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஒரு கணக்காளரைப் பாருங்கள்.